மேலே சேராத சுவர்கள்

பல்லடத்திலிருந்து உடுமலை போகும் வழியில், தோட்டத்துக்குள் தனியே நிற்கும் பழைய ஓட்டு வீடு ஒன்றில் ஏறி, "கட்டி எத்தனை வருசமாச்சுங்க?" என்று கேட்டால் போதும். கட்டுத்தரை ஓரம் சாய்த்து வைத்திருக்கும் ஓடுகளில் ஒன்றை எடுத்து வந்து திருப்பிக் காட்டுவார்கள். அடியில் ஆங்கில எழுத்தில் பாசல் மிஷன் என்ற பெயரும் 1865 என்ற எண்ணும் பதிந்திருக்கும். "அதுலயே போட்டிருக்குதுங்களே" என்பார்கள்.

அந்த எண் வீட்டின் வயதல்ல, ஆலையின் வயது. சுவிட்சர்லாந்தின் பாசல் நகரைத் தலைமையிடமாகக் கொண்ட மிஷன், 1865-ல் மங்களூரில் நேத்ராவதி ஆற்றுக் களிமண்ணை நம்பி ஓட்டு ஆலை தொடங்கியது. பின்னாளில் வார்த்த ஓடுகள் பலவற்றிலும் அந்தத் தொடக்க ஆண்டே பொறிக்கப்பட்டது. முதல் உலகப் போரையொட்டி ஆலைகள் மிஷனின் கையை விட்டுப் போய், காமன்வெல்த் டிரஸ்டிடம் சேர்ந்தன. ஓட்டைப் பார்த்து வீட்டுக்கு வயது சொல்வது, சட்டைக் காலரில் இருக்கும் கம்பெனிப் பெயரைப் பார்த்துப் பையனுக்கு ஜாதகம் எழுதுவது போலத்தான். ஆனால் வீட்டுக்காரரிடம் இதைச் சொல்லிப் பிரயோசனமில்லை. அப்பாரு காலத்து வீடு, 1865. முடிந்தது.

இந்த வீட்டில் ஆத்தா, இரண்டு மகன்கள், இரண்டு மருமகள்கள், பேரக்குழந்தைகள் எல்லோரும் ஒரே கூரைக்குக் கீழே இருந்தார்கள். பேச்சுக்குச் சொல்வதல்ல. ஆசாரம், கிழக்கறை, மேற்கறை, சமையலறை என்று உள்ளே தடுத்திருக்கிறார்களே தவிர, நடுச்சுவர்கள் எதுவும் கூரை வரை போகவில்லை. ஆள் உயரத்தைத் தாண்டிக் கொஞ்சம் எழும்பி, அப்படியே நின்றுவிட்டன. அதற்கு மேலே பனங்கை, ரீப்பர், ஓடு என்று எல்லா அறைக்கும் பொதுவான ஒரே வெளி.

கட்டியவர்கள் கணக்குத் தெரியாமல் விட்டதல்ல இது. சூடான காற்று மேலே ஏறி ஓட்டு இடுக்கு வழியாக வெளியே போக வேண்டும். விறகடுப்புப் புகையும் அதே வழியில் போகும். போகிற போக்கில் மரத்தில் படிந்து, வண்டு அண்டாமல் காக்கும். அவர்கள் புகையை நினைத்துக் கட்டினார்கள். புதிதாகக் கல்யாணமானவர்கள் ராத்திரியில் பேசிக்கொள்வார்கள் என்பதை நினைக்கவில்லை.

மேற்கறையில் சின்ன மருமகள் புருசனிடம் மெதுவாகத்தான் கேட்கிறாள்: "நாளைக்கு எங்கம்மா ஊட்டுக்குப் போயிட்டு வரலாமுங்களா?" புருசன் யோசிப்பதற்குள் கிழக்கறையிலிருந்து ஆத்தாவின் பதில் வந்துவிடுகிறது. "வெள்ளிக்கிழமை போய்க்கலாம் கண்ணு, நாளைக்கு வெங்காயம் பறிக்க ஆளு வருது." அதில் கோபமும் இல்லை, ஒட்டுக் கேட்ட கூச்சமும் இல்லை. காதில் விழுந்தது, சொல்லிவிட்டார்.

ஆகவே இந்த வீட்டில் ரகசியம் பேச வேண்டுமென்றால் கிணற்று மேட்டுக்குப் போக வேண்டும். செல்போன் டவரும் அங்கேதான் நன்றாக எடுக்கும் என்பது நல்ல சாக்கு. யார் யார் எவ்வளவு நேரம் கிணற்று மேட்டில் நின்றார்கள் என்ற கணக்கு ஆசாரத்துக் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்தபடியே ஆத்தாவுக்குத் தெரியும், அது வேறு விஷயம்.

பெரிய மகன் ஒருமுறை பால்ஸ் சீலிங் போட்டுவிடலாம், சத்தமும் அடங்கும், தூசியும் விழாது என்றார். ஆத்தா ஒரே கேள்விதான் கேட்டார்: "அப்பறம் ராத்திரியில எந்தக் கொழந்த இருமுதுன்னு எனக்கெப்படிடா தெரியும்?" பேச்சு அத்தோடு நின்றது.

கூரையின் இன்னொரு வேலை மணி சொல்வது. ஆசாரத்துக்கு மேலே ஓட்டுக்கு நடுவே ஒரே ஒரு கண்ணாடி ஓடு. அதன் வழியே இறங்கும் வெயில் தரையில் முறம் அளவுக்கு வெளிச்சமாக விழுந்து, காலையிலிருந்து சாயங்காலம் வரை மேற்கிலிருந்து கிழக்காக நகரும். அது அம்மிக்கல்லைத் தொட்டால் மதியத்துக்கு உலை வைக்க வேண்டும். மார்கழியில் சூரியன் தெற்கே சாய்ந்திருப்பதால் வெளிச்சம் வடக்குச் சுவர்ப் பக்கமாக ஒதுங்கிவிடும். சித்திரையில் உச்சிவெயில் கண்ணாடிக்கு நேர் கீழே விழும். அம்மிக்கும் வெளிச்சத்துக்கும் இடைவெளி மாறிக்கொண்டே இருக்கும் இந்தக் கணக்கை ஆத்தா எப்படிச் சரிசெய்துகொள்கிறார் என்பது மருமகள்களுக்குப் பிடிபடவில்லை. அவர்கள் செல்போனைப் பார்த்து உலை வைக்கிறார்கள். சோறு ஒரே நேரத்துக்குத்தான் ஆகிறது.

வெளியூர்க்காரர்கள் வந்தால் கேட்பது, கட்டும்போது மேற்குச் சுவரில் ஏன் ஒரு ஜன்னல்கூட வைக்கவில்லை என்பதுதான். ஆனி, ஆடியில் வந்து பார்த்தால் கேட்கமாட்டார்கள். பாலக்காட்டுக் கணவாய், மேற்குத் தொடர்ச்சி மலையில் சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்கு விழுந்த இடைவெளி. தென்மேற்குப் பருவக்காற்று அதன் வழியே புகுந்து இந்தப் பக்கத்தை ஒரு பிடி பிடிக்கும். கேத்தனூர், பூளவாடி பக்கம் காற்றாலைகளை வரிசையாக நட்டதெல்லாம் இந்தக் காற்றை நம்பித்தான். கம்பெனிகள் அளவு பார்த்துக் கண்டுபிடித்ததை, ஜன்னல் வைக்காத கொத்தனார் முன்னமே அறிந்திருந்தார். சின்ன மகன் ஆசைப்பட்டு மேற்கே ஒரு ஜன்னல் உடைத்தார். ஆடி முழுக்க அதில் யூரியாச் சாக்கு தொங்குகிறது.

தண்ணீருக்கும் இந்த வீட்டில் தனி நேரம் இருந்தது. மும்முனை மின்சாரம் பகலில் 6 மணி நேரமும் இரவில் 3 மணி நேரமுமாக வந்த பல ஆண்டுகளில், மோட்டார் ஓடும்போது குளித்தால்தான் குளியல். நடுராத்திரியில் "கரண்டு வந்திருச்சு" என்று குரல் கேட்டால், ஒருவர் டார்ச் லைட்டோடு மடை மாற்றப் போவார், இன்னொருவர் துண்டோடு தொட்டிக்குப் போவார்.

அட்டாலிக்கு மேலே ஒரு மரநாய் குடியிருக்கிறது. பகலெல்லாம் தூங்கிவிட்டு, இரவில் ஓட்டின் அடிப்பக்கம் நடமாடும். பப்பாளிப் பழத்தை வீட்டாருக்கு முந்திக்கொண்டு தின்றுவிடும். விரட்ட எடுத்த முயற்சிகளில் சில ஓடுகள் உடைந்ததுதான் மிச்சம். ஓடு மாற்ற இப்போது ஆள் கிடைப்பதில்லை. கிடைக்கிற ஒருவரும் ரீப்பரை மிதிக்காமல் கைமரத்தை மட்டும் மிதித்து நடக்கத் தெரிந்த பழைய ஆள், அவருக்கும் முட்டி வலி.

கடைசியில் பெரிய மகன் ரோட்டோரமாக ஒரு தார்சு வீடு கட்டிக்கொண்டார். ஆளுக்கொரு அறை, கதவைச் சாத்தினால் பக்கத்தில் பேசுவது கேட்காது. சித்திரை வெயிலில் பகல் முழுக்கச் சூட்டை வாங்கி வைத்துக்கொள்ளும் கான்கிரீட் அதை ராத்திரியில் நிதானமாகக் கீழே இறக்கும். அதனால் அங்கே ஏசி. இருந்தும் மதியச் சாப்பாடு ஆனதும் அந்த வீட்டு ஜனம் மொத்தமும் பாயோடு பழைய வீட்டு ஆசாரத்துக்கு வந்துவிடுகிறது.

இரண்டு வீட்டுக்கும் இடையே ஒரு களம் அகலம்தான். ஆனாலும் யார் எப்போது வெளியே போகிறார்கள், யாருக்குக் காய்ச்சல் என்பது தெரியாமல் போவதால் ஒரு வாட்ஸ்அப் குழு தொடங்கியிருக்கிறார்கள். அதில் வருவதை அன்றன்றைக்குச் சத்தமாகப் படித்துக் காட்டிவிட வேண்டும் என்பது ஆத்தாவின் உத்தரவு.