என் கடிகாரமும் நான்கு நோன்புகளும்



சென்ற ரமலானுக்கு இரண்டு மாதங்களுக்கு முன்பு ஓசூரில் ஒரு கைக்கடிகாரம் வாங்கினேன். பேட்டரி இல்லாத இயந்திரக் கடிகாரம். கையின் அசைவினாலேயே தனக்குத் தானே சாவி கொடுத்துக்கொள்ளும் வகை. விலை ஏறக்குறைய ஒரு மாதத்து ஓவர்டைம் பணம். “செல்போனிலேயே மணி தெரிகிறதே, இது எதற்கு?” என்று வீட்டில் கேட்டார்கள். கேள்வி நியாயமானதுதான்.

என்னிடமிருந்த பதில் சற்று வெட்கத்துக்குரியது. அஸருக்கு இன்னும் எவ்வளவு நேரம் இருக்கிறது என்று பார்க்கச் செல்போனை எடுப்பேன். அதில் ஒரு செய்தி வந்திருக்கும். அதைப் படித்து முடிப்பதற்குள் ஒரு காணொளி. நிமிர்ந்து பார்க்கும்போது அரை மணி நேரம் கரைந்திருக்கும். தொழுகையின் நேரத்தை அறிய எடுத்த கருவியே அந்த நேரத்தைத் தின்றுவிடும். மணியை மட்டும் சொல்லிவிட்டு வேறெதுவும் பேசாத ஒரு பொருள் எனக்குத் தேவைப்பட்டது.

இன்னொரு காரணம் என் வாப்பா. அவரிடம் ஓர் எச்.எம்.டி. ஜனதா இருந்தது. ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தின் தொழில்நுட்ப உதவியுடன் 1961-இல் பெங்களூரில் கடிகாரம் செய்யத் தொடங்கிய அரசு நிறுவனம் எச்.எம்.டி. அந்தக் காலத்தில் பல வீடுகளில் திருமணப் பரிசு என்றாலே அதன் கடிகாரம்தான். சூளகிரியில் எங்கள் வீட்டில் ஒவ்வொரு நாளும் சுபுஹு தொழுகைக்குப் பிறகு வாப்பா திண்ணையில் அமர்ந்து, கடிகாரத்தைக் காதருகே வைத்து, நிதானமாகச் சாவி கொடுப்பார். அந்த ‘கிர்ர் கிர்ர்’ ஓசையோடுதான் எங்கள் வீட்டில் பொழுது புலர்ந்தது. பின்னாளில் நம் ஓசூரிலேயே கடிகாரத் தொழிற்சாலை வந்தது. டாடா குழுமமும் தமிழக அரசின் டிட்கோவும் சேர்ந்து 1984-இல் தொடங்கிய டைட்டன் நிறுவனம், சாவி தேவைப்படாத குவார்ட்ஸ் கடிகாரங்களைக் கொண்டுவந்தது. எச்.எம்.டி.யின் கடிகாரப் பிரிவை மூடுவதற்கு 2016-இல் மத்திய அரசு ஒப்புதல் அளித்தது. அதற்கு முன்பே வாப்பாவும் மறைந்துவிட்டார்கள். அல்லாஹ் அவர்களின் கப்றை விசாலமாக்குவானாக.

புதிய கடிகாரத்தைப் பற்றிச் சொல்கிறேன். எஃகு உறை, வெள்ளை முகப்பு, கறுப்பு எண்கள். ஆண்களுக்குத் தங்கம் ஆகாது என்பதால், பொன்முலாம் பூசியவற்றைக் கடைக்காரர் எடுத்துக் காட்டியபோதே மறுத்துவிட்டேன். பின்புறம் கண்ணாடி வைத்திருக்கிறார்கள். அதன் வழியே பார்த்தால், அரைவட்டத் தகடு ஒன்று கை அசையும் போதெல்லாம் சுழன்று உள்ளிருக்கும் வில்லை முறுக்குவது தெரியும். முழுதும் முறுக்கேறிய வில் ஏறக்குறைய 40 மணி நேரம் ஓடும். சனி இரவு கழற்றி வைத்துவிட்டு ஞாயிறு முழுவதும் மறந்திருந்தால், திங்களன்று கடிகாரம் நின்றிருக்கும். என் அசைவே அதன் உயிர்.

அதன் இதயம் ஒரு சிறு சக்கரம். தலைமுடியைவிட மெல்லிய சுருள்வில் ஒன்று அதை இருபுறமும் ஆட்டுகிறது. நொடிக்கு ஆறு துடிப்பு. ஒரு நாளைக்கு 5,18,400 துடிப்புகள். அதனால் நொடிமுள் குவார்ட்ஸ் கடிகாரத்தில் போலத் துள்ளித் துள்ளி நகராமல், வழுக்கிச் செல்வது போல் ஓடும். நள்ளிரவில் தலையணையருகே வைத்தால் அந்த ஒலி கேட்கும். ஒளூச் செய்யும்போது நீர் மணிக்கட்டு முழுவதும் பட வேண்டும் என்பதால், ஒவ்வொரு வேளையும் அதைக் கழற்றிச் சட்டைப் பையில் போடுவது பழக்கமாயிற்று. ஒளூவுக்கு முன்னதான ஒரு சிறு நிறுத்தமாக அது எனக்குப் பிடித்திருந்தது.

குறை என்று சொன்னால், நாளொன்றுக்கு எட்டு அல்லது பத்து நொடிகள் முந்தும். குவார்ட்ஸ் கடிகாரத்தில் மாதத்துக்கே அவ்வளவு பிழைதான் வரும். இயந்திரக் கடிகாரத்துக்கு இது இயல்பு என்பதை அறிந்தேதான் வாங்கினேன். வாரம் ஒருமுறை, ஜும்ஆ நாளன்று, சரியான நேரத்துக்குத் திருப்பி வைத்தால் போதும்.

உண்மையில், எந்தக் கடிகாரமும் நேரத்தை உண்டாக்குவதில்லை. நம் வணக்கங்களுக்குக் கணக்கு சூரியன். இந்திய நேரம் 82½ பாகைத் தீர்க்கரேகையைக் கொண்டு வகுக்கப்பட்டது. சூளகிரியோ 78 பாகையில் இருக்கிறது. ஆகவே சராசரியாக 12.18 மணிக்குத்தான் நமக்குச் சூரியன் உச்சியைத் தொடுகிறது. நவம்பர் தொடக்கத்தில் 12.02-க்கும், பிப்ரவரி நடுவில் 12.32-க்கும் அது நிகழும். சென்னையில் உறவினர்கள் நோன்பு திறந்து ஏறக்குறைய ஒன்பது நிமிடங்கள் கழித்தே நமக்கு மஃரிபு. இந்தக் கணக்கைப் பார்ப்பதற்கென்றே முற்காலப் பெரிய பள்ளிவாசல்களில் ‘முவக்கித்’ என்னும் நேரக் கணிப்பாளர்கள் இருந்தார்கள். திமிஷ்கின் உமய்யா பள்ளிவாசலில் அப்பணியைச் செய்த இப்னு ஷாத்திர், 1371-இல் அதன் மினாராவுக்காக ஒரு சூரியக் கடிகாரத்தைச் செய்தளித்தார். கருவி எவ்வளவு நுட்பமானதாக இருந்தாலும், அதைச் சூரியனோடு ஒப்பிட்டுப் பார்க்க ஒரு மனிதர் பொறுப்பேற்றிருந்தார். இதைப் படித்து வியந்தவன்தான் நான். ஆனால் என் கடிகாரத்தை ஒப்பிட்டுப் பார்க்க மறந்தேன்.

ரமலான் வந்தது. மார்ச் மாதத்து வெயில். ஓசூர் சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையின் கிரைண்டிங் பிரிவில் எனக்கு வேலை. அந்த வாரம் இரண்டாம் ஷிப்ட். எங்கள் பிரிவில் நோன்பாளிகள் நால்வர். ஓய்வு பெற இரண்டாண்டுகளே உள்ள சாச்சா ஒருவர், தேன்கனிக்கோட்டைச் சகோதரர் ஒருவர், பீகாரிலிருந்து வந்த இளைஞர் ஒருவர், நான். இயந்திரங்கள் ஓடும் இடத்துக்குச் செல்போன் கொண்டுபோக அனுமதியில்லை. லாக்கரில் வைத்துவிட வேண்டும். பாங்கு அங்கே கேட்காது. தகரக் கூரைக்குக் கீழே வானமும் தெரியாது. ஸ்டோருக்குப் பின்னாலுள்ள படிக்கட்டில் அமர்ந்து நோன்பு திறப்போம். அங்கிருந்து பார்த்தால் சுவர்க் கடிகாரமும் கண்ணில் படாது. “தம்பி கையில நல்ல கடிகாரம் இருக்கு, அவரே சொல்லட்டும்” என்று முதல் நாளே சாச்சா அந்தப் பொறுப்பை என்னிடம் தந்துவிட்டார். எனக்கு அது பெருமையாகவே இருந்தது.

ஒரு நாள் சுபுஹு தொழுகைக்குச் சென்றபோது, பள்ளிவாசல் கடிகாரம் என்னுடையதைவிட மூன்று நிமிடம் பின்தங்கியிருப்பதைக் கண்டேன். சுவரில் மாட்டிய பழைய கடிகாரம். பேட்டரி தீர்ந்துபோயிருக்கும் என்று எண்ணிக்கொண்டேன். என் கடிகாரம் தவறாக இருக்கக்கூடும் என்ற எண்ணம் எனக்கு ஒரு கணமும் வரவில்லை.

அன்று மஃரிபு 6.30 மணிக்கு. நோன்பு திறப்பதைத் தாமதப்படுத்தாமல் இருப்பது சுன்னத் அல்லவா? முள் 6.30-ஐத் தொட்டதும் “பிஸ்மில்லாஹ்” என்றேன். நால்வரும் பேரீச்சம்பழத்தை வாயிலிட்டோம், தண்ணீர் குடித்தோம். சாச்சா வீட்டிலிருந்து கொண்டுவந்த கஞ்சியைக் குவளைகளில் ஊற்றத் தொடங்கினார். நான் ஒளூச் செய்வதற்காக எழுந்து கேன்டீன் பக்கம் போனேன்.

கேன்டீன் வாசலில் நின்றபோது, எதிரே உள்ள கட்டடத்தின் மேல்தளத்தில் மஞ்சள் வெயில் படிந்திருந்தது. உள்ளே சுவர்க் கடிகாரம் 6.26 என்றது. அதன் கீழே வருகைப் பதிவு இயந்திரத்திலும் 6.26. என் மணிக்கட்டில் 6.32.

அந்த இடத்தில் நான் நின்றது அரை நிமிடம் இருக்கலாம். அந்த அரை நிமிடத்தைப் பற்றி எழுதவே இந்தக் கட்டுரையைத் தொடங்கினேன். ‘யாருக்கும் தெரியாது’ என்று மனம் சொன்னது. ‘அவர்கள் அறியாமல் சாப்பிட்டார்கள், அவர்கள்மேல் குற்றமில்லை. நீ மட்டும் பிறகு களாச் செய்துகொள். நாற்பது வருடமாக நோன்பு தவறாத மனிதரின் மனத்தை ஏன் வருத்த வேண்டும்?’ என்றது. அது இரக்கத்தின் குரலாகத்தான் ஒலித்தது. ஆனால் சாச்சா வருந்துவார் என்பதைவிட, என் கடிகாரத்தின் மீதும் என் மீதும் அவர்கள் வைத்த மதிப்பு போய்விடும் என்பதே என் உண்மையான அச்சம் என்பதை நான் அறிந்திருந்தேன். அவர்களோ இன்னும் கஞ்சியைக் குடித்துக்கொண்டிருந்தார்கள். சற்று நேரத்தில் வக்து வராமலே மஃரிபும் தொழுதுவிடுவார்கள்.

ஓடிச் சென்று சொன்னேன். “நிறுத்துங்க. இன்னும் சூரியன் மறையல. என் கடிகாரம் ஆறு நிமிஷம் முந்துது.”

யாரும் பேசவில்லை. பீகார் இளைஞர் வாயிலிருந்ததைத் துப்பிவிட்டார். தேன்கனிக்கோட்டைச் சகோதரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் கோபம் நியாயமானது. சாச்சா குவளையை மெல்லக் கீழே வைத்தார். சிறிது நேரம் கழித்து, “வேணும்னா செஞ்சீங்க? இல்லையே தம்பி. பெருநாள் முடியட்டும், நாலு பேரும் ஒரே நாள்ல இந்த நோன்பை வெச்சுடுவோம்” என்றார். நான் தலைகுனிந்து நின்றேன்.

மறுநாள் எங்கள் இமாமிடம் விவரம் கேட்டேன். சூரியன் மறைந்துவிட்டதாக எண்ணி நோன்பு திறந்து, பின்னர் மறையவில்லை என்று தெரியவந்தால், எஞ்சிய நேரம் உண்ணாதிருந்து, அந்த நோன்பைப் பிறகு களாச் செய்ய வேண்டும். கஃப்பாரா எனும் பரிகாரம் இல்லை என்று விளக்கினார். நபி (ஸல்) அவர்களின் காலத்திலேயே மேகமூட்டமான ஒரு நாளில் மக்கள் நோன்பு திறந்தபின் சூரியன் வெளிப்பட்டதை, அஸ்மா பின்த் அபூபக்ர் (ரலி) அவர்கள் அறிவித்திருப்பது புகாரியில் பதிவாகியிருக்கிறது என்றும் ஆறுதல் சொன்னார்.

கடிகாரத்தை ஓசூரில் வாட்ச் ரிப்பேர் செய்யும் பெரியவரிடம் கொண்டுபோனேன். அவர் அதைத் திறக்கவே இல்லை. திசைகாட்டி ஒன்றை எடுத்து அதனருகே வைத்தார். முள் சடாரெனத் திரும்பியது. “காந்தம் ஏறியிருக்கு. எங்க வேலை பாக்குறீங்க?” என்றார்.

அப்போதுதான் விளங்கியது. சுழலும் இயந்திரத்தருகே கடிகாரம் அணியக் கூடாது என்பது எங்கள் தொழிற்சாலை விதி. விதிப்படி கழற்றியவன், முந்தைய நாள் மாலை நான்கு மணியளவில், இரும்புத் துண்டுகளைப் பிடித்து வைக்கும் மேக்னடிக் சக்கின் ஓரத்தில் அதைச் சற்று நேரம் வைத்துவிட்டேன். காந்தம் ஏறினால் அந்த மெல்லிய சுருள்வில்லின் வளையங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். வில் குறுகியது போலாகும். சக்கரம் விரைந்து ஆடும். கடிகாரம் நாளொன்றுக்கு நிமிடக் கணக்கில் முந்தும். வெளியே எந்த மாற்றமும் தெரியாது. அதே பளபளப்பு, அதே ஒலி. அரைத்து முடித்த பாகங்களில் மிஞ்சியிருக்கும் காந்தத்தை நீக்கும் கருவி என் இயந்திரத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. நாள்தோறும் அதைப் பயன்படுத்துகிறவன் நான். என் சொந்தப் பொருளைப் பற்றி மட்டும் அந்த ஐயம் எழவில்லை.

பெரியவர் ஒரு சிறு பெட்டியின் மேல் கடிகாரத்தை வைத்து, பொத்தானை அழுத்தி, மெல்ல விலக்கினார். சில நொடிகளில் முடிந்தது. திசைகாட்டியின் முள் அசையவில்லை. காசு வாங்க மறுத்துவிட்டார்.

காலத்தின் பெயர் தாங்கிய ‘அல்அஸ்ர்’ அத்தியாயத்தைச் சிறுவயதிலேயே மனனம் செய்தவர்கள் நாம். மூன்றே வசனங்கள். நஷ்டத்திலிருந்து தப்புவோரின் அடையாளங்களில், உண்மையையும் பொறுமையையும் ஒருவருக்கொருவர் எடுத்துரைப்பதும் ஒன்று என்று அது கற்பிக்கிறது. அந்த மாலையில் ஓடிச் சென்று உண்மையைச் சொல்லும் பங்கு எனக்கும், பொறுமையைச் சொல்லும் பங்கு சாச்சாவுக்கும் வாய்த்தது. என் பங்கை அரை நிமிடம் தாமதித்தேன் என்பது இன்றும் உறுத்துகிறது.

ஷவ்வாலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நால்வரும் அந்த நோன்பைக் களாச் செய்தோம். நோன்பு திறக்க மூவரையும் சூளகிரியில் எங்கள் வீட்டுக்கு அழைத்திருந்தேன். தேன்கனிக்கோட்டைச் சகோதரரும் வந்தார். வரும்போது ஒரு பை மாம்பழம் வாங்கி வந்தார். திண்ணையில், வாப்பா அமர்ந்து சாவி கொடுத்த அதே இடத்தில், பேரீச்சம்பழத்தைக் கையில் வைத்துக் காத்திருந்தோம். நெடுஞ்சாலை 44-இல் லாரிகளின் இரைச்சல். மலைப்பாறைகளின் மேலிருந்து வெளிச்சம் மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது. “தம்பி, மணி என்ன?” என்று சாச்சா சிரித்தபடி கேட்டார்.

“பாங்கு சொல்லட்டும் சாச்சா” என்றேன்.

இப்போதும் அந்தக் கடிகாரத்தைத்தான் அணிகிறேன். நல்ல கடிகாரம். நாளொன்றுக்கு எட்டு நொடி முந்துகிறது. ஆனால் ஜும்ஆவுக்குக் காத்திராமல், ஒவ்வொரு நாளும் சுபுஹு தொழுகைக்குப் பிறகு பள்ளிவாசல் கடிகாரத்தின் முன் நின்று ஒப்பிட்டுப் பார்க்கிறேன். அதன் பிறகு, அதே நிலையில் இன்னும் சற்று நேரம் நின்று, நேற்றைய நாளை நான் எப்படிக் கழித்தேன் என்றும் பார்த்துக்கொள்கிறேன். வெளியே பளபளப்பும் ஒலியும் மாறாமலே உள்ளே எதுவும் ஒட்டிக்கொண்டிருக்கக்கூடும் அல்லவா? நம் நேரங்களில் அல்லாஹ் பரக்கத் செய்வானாக. ஆமீன்.