முதுகுத்தண்டில் கொழுப்பு

கொழுப்பு என்றால் நம்மூரில் திமிர் என்றும் அர்த்தம். அதனால் மச்சானுக்கு (மனைவியின் அண்ணன்) முதுகுத்தண்டில் கொழுப்பு என்று ஸ்கேன் ரிப்போர்ட் வந்ததும் கும்பகோணத்தில் பாதிப் பேர் சிரித்தார்களாம். ஐம்பது அடி நடந்தாலே கால் மரத்து உட்கார்ந்துவிடும் மனிதருக்குச் சிரிப்பு வரவில்லை.

வியாதியின் பெயர் எபிடியூரல் லிப்போமட்டோசிஸ். நான் பி.காம். படித்து லெட்ஜர் பார்ப்பவன், புரிந்த அளவில் சொல்கிறேன். முதுகெலும்புக் குழாய்க்குள், நரம்பு உறைக்கு வெளியே எல்லோருக்கும் கொஞ்சம் கொழுப்பு உண்டு. அது அளவுமீறிப் பெருத்தால் நரம்பை நசுக்கும். 1975-ல் மருத்துவ இதழில் முதலில் பதிவானது, சிறுநீரக மாற்றுக்குப் பின் ஸ்டீராய்டு சாப்பிட்ட ஒருவருக்கு. நீண்டநாள் ஸ்டீராய்டும் உடல் பருமனும்தான் முக்கியக் காரணங்கள். மச்சானுக்கு இரண்டுமே. வீசிங்குக்கு எப்போதோ எழுதிய சீட்டை நீட்டி ஆறு வருஷம் மாத்திரை வாங்கியிருக்கிறார், கடைக்காரரும் கேள்வி கேட்காமல் கொடுத்திருக்கிறார். எடை 94 கிலோ!

நான் திருவனந்தபுரத்தில் இருப்பதால் இங்கே கூட்டிவந்தார்கள். நரம்புக்கும் இதயத்துக்கும் பேர்போன ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிலையம் இங்கேதானே. அதன் வாசலில் நின்றால் நாகர்கோவில் தமிழ் காதில் விழாமல் இருக்காது.

"உடனே ஆபரேஷன் பண்ணிடுங்க டாக்டர்" என்றாள் மனைவி. முதுகெலும்பின் பின்பக்க எலும்பை அகற்றிக் கொழுப்பை எடுப்பதுதான் ஆபரேஷன். கால் பலம் இருக்கிறது, சிறுநீர் கட்டுப்பாடு இருக்கிறது, அதனால் முதலில் மாத்திரையையும் எடையையும் குறைப்போம் என்றார் டாக்டர். அன்று ராத்திரியே மச்சான் மாத்திரை டப்பாவைக் குப்பையில் போடப் போனார். "மச்சான், அதை மட்டும் செய்யாதீங்க" என்று பிடுங்கி வைத்தேன். வருஷக்கணக்கில் வெளியிலிருந்து வந்ததால் உடம்பு தானே சுரப்பதை மறந்திருக்கும். திடீரென்று நிறுத்தினால் பி.பி. விழுந்து உயிருக்கே ஆபத்து. டாக்டர் சொன்ன கணக்கில், படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். வீசிங்குக்கு இன்ஹேலர் கொடுத்தார்கள்.

சொந்தக்காரர் ஒருவர் முதுகில் ஊசி போட்டால் சரியாகும் என்றார். அந்த ஊசியிலும் பெரும்பாலும் இருப்பது ஸ்டீராய்டுதான். இந்த வியாதிக்கு அது எரிகிற தீயில் நெய்.

ஐந்து மாதத்தில் 85 கிலோ. ராத்திரி தோசை மூன்றிலிருந்து ஒன்று (அதுதான் அவருக்குப் பெரிய ஆபரேஷன்!). இப்போது மகாமகக் குளத்தை உட்காராமல் ஒரு சுற்று வருகிறார். இரண்டாவது சுற்றில் இன்னும் மரக்கிறது. இதற்குமேல் முன்னேற்றம் இல்லையென்றால் ஆபரேஷன் பற்றி மறுபடி பேசலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

அவர் வீட்டு பிரிட்ஜில் தங்கை கையெழுத்தில் ஒரு சீட்டு: சிறுநீர் அடைத்தால், உட்காரும் இடம் மரத்தால், கால் பலம் இழந்தால், திருவனந்தபுரம் ரயிலுக்குக் காத்திருக்காமல் அன்றே தஞ்சாவூர் பெரியாஸ்பத்திரி.