எண்ணெய் உள்ளே போச்சா?

எங்க அப்பா வீட்டுப் பக்கத்திலேயே லேத் பட்டறை வைத்திருக்கிறார். "பொம்பளப் புள்ளைக்குப் பட்டறையில என்ன வேலை?" என்று சிலர் கேட்பார்கள். எனக்கு அங்கே ஒரு வேலை உண்டு. சனிக்கிழமை காலையில், அப்பா சுவிட்ச் போடுவதற்கு முன்னால், லேத்துக்கு எண்ணெய் விடுவது நான்தான். சடையைத் தூக்கிக் கட்டணும், துப்பட்டா போடக் கூடாது, மிஷின் ஓடும்போது கிட்டவே போகக் கூடாது. இது அப்பா போட்ட சட்டம்.

எண்ணெய் விடும் துளைகளில் ஒரு சின்ன இரும்புக் குண்டு இருக்கும். பால்பாயிண்ட் பேனா முனையைப் பெரிசாக்கிய மாதிரி. குண்டுக்கு அடியில் ஸ்பிரிங். எண்ணெய்க் கேனின் மூக்கால் அழுத்தினால் குண்டு இறங்கி வழி விடும். எடுத்தால் மேலே வந்து அடைத்துக்கொள்ளும். இரும்புத் தூள் உள்ளே விழாமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு.

நான் கேனை அமுக்குவேன். எண்ணெய் சுற்றி வழியும். நிறைஞ்சிருச்சு என்று நினைத்துத் துடைத்துவிட்டு அடுத்த துளைக்குப் போவேன்.

"எண்ணெ போட்டயா அம்மிணி?"

"போட்டுட்டனுங்கப்பா."

ஒரு நாள், இவ்வளவு வழியுதே, உள்ளே போகுதா என்று சந்தேகம் வந்தது. டிவியில் படம் போடுற நேரம். கேட்காமல் ஓடிவிட்டேன்.

போன மாதம் அப்பா மரை வெட்டிக்கொண்டு இருந்தபோது கீச்சென்று சத்தம். நீள ஸ்க்ரூவின் ஓரத்தில் இருக்கும் புஷ் இறுகி, மிஷின் நின்னுபோச்சு. அப்பா கழற்றிப் பார்த்தார். "வெளிய பூரா எண்ணெ, உள்ள ஒரு பொட்டு இல்லையே!" என்றார். வேறொரு பட்டறையில் காசு கொடுத்துப் புது கன்மெட்டல் புஷ் கடைந்து வாங்கினோம். இரண்டு நாள் வேலை இல்லை. மட்டமான எண்ணெய் கொடுத்துட்டான் என்று அப்பா கடைக்காரரைத் திட்டினார். நான் வாயே திறக்கவில்லை. ராத்திரி சோறு இறங்கவில்லை. விடிந்ததும் சொல்லிவிட்டேன்.

அப்பா திட்டவில்லை. "நானும் ஒருக்கா பக்கத்துல நின்னு பாத்திருக்கோணும்" என்றார். கேனின் மூக்கு தேய்ந்து கோணலாக இருந்தது. அதை அரத்தால் மட்டமாக ராவி, நுனியில் சைக்கிள் வால்வு டியூப் ஒரு துண்டு மாட்டினார். ரப்பர் துளையைச் சுற்றி ஒட்டிக்கொண்டால் எண்ணெய் வெளியே வழியாது. அதன் அழுத்தமே குண்டைத் தள்ளி உள்ளே போய்விடும்.

இப்போது முதலில் துளையைத் துடைக்கிறேன். இல்லாவிட்டால் தூளும் எண்ணெயோடு உள்ளே போகும். பிறகு கேனை நேராக வைத்து அழுத்துகிறேன். புஷ் ஓரத்தில் கறுப்பாகப் பழைய எண்ணெய் கசிந்தால், புது எண்ணெய் உள்ளே போய்விட்டது என்று அர்த்தம். அதைப் பார்த்த பிறகுதான் "போட்டுட்டனுங்கப்பா" என்று சொல்வேன்.

தோழிகளே, உங்கள் வீட்டில் தையல் மிஷின் இருக்கும். எண்ணெய் விட்டால் மேலே ஈரமாக இருக்கிறதே என்று விட்டுவிடாதீர்கள். சந்தேகம் வந்தால் அன்றைக்கே கேட்டுவிடுங்கள். என்னை மாதிரி டிவி பார்க்க ஓடாதீர்கள்!