கூலிக்குச் செய்தவர்கள் தப்பினார்கள்

ஆம்பூர், நவம்பர் 6

2018-ல் இதே நாளில் ஸ்வீடனின் ஸ்டார்பிரீஸ் நிறுவனம் ‘ஓவர்கில்ஸ் தி வாக்கிங் டெட்’ என்ற வீடியோ கேமை வெளியிட்டது. அறிவித்தது 2014-ல், தள்ளித் தள்ளிப்போட்டு நாலு வருடம் கழித்து வந்தது. வந்த வேகத்திலேயே படுத்துவிட்டது. ஒரு மாதம் முடியுமுன், டிசம்பர் 3 அன்று, கடன்காரர்களின் நெருக்குதலிலிருந்து பாதுகாப்புக் கேட்டு ஸ்டாக்ஹோம் நீதிமன்றத்துக்குப் போனது நிறுவனம். தலைமை நிர்வாகி போ ஆண்டர்சன் பதவியிழந்தார். 2019 பிப்ரவரியில், ‘வாக்கிங் டெட்’ பெயருக்கு உரிமையுள்ள ஸ்கைபவுண்ட் ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ள, பிளேஸ்டேஷனுக்கும் எக்ஸ்பாக்ஸுக்கும் வரவேண்டிய பதிப்புகள் வராமலே போயின. மோசமான கேம் ஒன்று கம்பெனியைக் கவிழ்த்தது என்றுதான் இந்தக் கதையை எல்லோரும் சுருக்குகிறார்கள். ஏற்றுமதி ஆர்டரை வைத்துப் பிழைக்கும் இந்த ஊரிலிருந்து பார்த்தால் அது அரைக் கணக்கு. சரக்கு திரும்பி வந்தும் தாக்குப்பிடித்த தோல் ஷாப்புகள் உண்டு. அந்த ஆர்டரை நம்பி முன்கூட்டியே எவ்வளவு கடன் வாங்கியிருந்தார்கள், எதில் போட்டிருந்தார்கள் என்று கேட்டால்தான் மீதிக் கணக்கு கிடைக்கும்.

நவம்பர் 8

ஸ்டார்பிரீஸ் போட்டது பலவற்றில். 2013-ல் வந்த அவர்களுடைய ‘பேடே 2’ கேம் நன்றாகச் சம்பாதித்துக் கொடுத்தது. அந்தத் தெம்பில் 2015-ல் வல்ஹல்லா என்ற கேம் எஞ்சினை வாங்கினார்கள். அது சரிப்படாமல், செய்த வேலையைப் போட்டுவிட்டு அன்ரியல் எஞ்சினுக்கு மாறினார்கள். தலையில் மாட்டும் மெய்நிகர் கருவியாக ஸ்டார்விஆர். அடுத்தவர்கள் செய்துகொண்டிருந்த ‘சைக்கோநாட்ஸ் 2’, ‘சிஸ்டம் ஷாக் 3’ ஆகியவற்றை வெளியிடும் உரிமை. இத்தனைக்கும் அடைமானமாக நின்றது அப்போது இன்னும் வெளிவராத ‘வாக்கிங் டெட்’ என்ற ஒரே கேம். அது அமோகமாக ஓடியிருந்தால் இவர்களைத் தொலைநோக்குக்காரர்கள் என்று புகழ்ந்திருப்பார்கள், அது வேறு விஷயம். கேம் தரமில்லாமல் போனதால்தானே பணம் வரவில்லை, பிறகு எதற்கு இந்தச் சுற்றுவழி என்று கேட்கலாம். அதற்குப் பதில் அதே கம்பெனியிடமே இருக்கிறது. 2023 செப்டம்பர் 21 அன்று ‘பேடே 3’ வெளிவந்தபோதும் கோளாறுதான். தனியாக ஆடுவதற்கும் இணைய இணைப்பு வேண்டும் என்று கட்டியிருந்த கேமில் சர்வர்கள் படுத்துக்கொள்ள, காசு கொடுத்து வாங்கியவர்கள் நாள்கணக்கில் திரையைப் பார்த்துக் காத்திருந்தார்கள். அடுத்த மார்ச்சில் தலைமை நிர்வாகி மாற்றப்பட்டார். ஆனால் கம்பெனி நீதிமன்றப் படி ஏறவில்லை. காரணம், 2021-லேயே ஜெர்மானிய நிறுவனமான கோச் மீடியாவை வெளியீட்டாளராகச் சேர்த்து, 5 கோடி யூரோவுக்கு மேற்பட்ட செலவை அவர்கள் தலையில் ஏற்றியிருந்தார்கள். வெளியீட்டு நாள் இரண்டு முறையும் சொதப்பல். சுமை மட்டும் வேறு.

நவம்பர் 11

இந்தக் கதையில் நம் பக்கத்து ஊர் ஒன்றும் இருக்கிறது. பெங்களூரில் ராஜேஷ் ராவ் 1997-ல் தொடங்கிய துருவா இன்டராக்டிவ், இந்தியாவின் பழைய கேம் ஸ்டுடியோக்களில் ஒன்று. பெரும்பாலும் ஜாப் ஒர்க்: மைக்ரோசாஃப்டின் ‘ஃபோர்ஸா’ போன்ற கேம்களுக்குக் கார், கட்டடம், தெரு என்று வரைந்து கொடுப்பது. இதன் 90.5 சதவீதப் பங்கை சுமார் 85 லட்சம் டாலருக்கு வாங்குவதாக 2016 டிசம்பரில் ஸ்டார்பிரீஸ் அறிவித்தது. கவிழ்ந்த பிறகு, 2019 மே மாதத்தில், தன்னிடமிருந்த 91.82 சதவீதத்தை 79 லட்சம் டாலருக்கு நியூயார்க்கின் கேம் நிறுவனமான ராக்ஸ்டாருக்கு விற்றது. இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கோடிகளை விழுங்கிய எஞ்சினுக்கு ஆளில்லை, கேமுக்கு ஆளில்லை. கூலிக்கு வேலை செய்த ஸ்டுடியோ ஏறக்குறைய வாங்கிய விலைக்கே போனது. ஆம்பூரில் கட்டிங் செக்‌ஷனில் நிற்பவர் உண்ணிக்கடித் தழும்பையும் முள்கீறலையும் கண்ணாலும் விரலாலும் தேடி ஒதுக்கி, மிச்சத் தோலில் அச்சை நெருக்கி வைத்து வெட்டுகிறார். ஆர்டர் தரும் பையர் இத்தாலிக்காரரா, இங்கிலாந்துக்காரரா என்பது அந்த விரலுக்கு ஒரு பொருட்டே இல்லை. துருவாவின் ஓவியர்களுக்கும் அப்படித்தான்: கார் யாருடைய கேமில் ஓடினாலும் வேலை ஒன்றே. அதனால்தான் முதலாளி விழுந்தபோது வேறு முதலாளிக்கு அவர்கள் தேவைப்பட்டார்கள்.

நவம்பர் 12

கூலிக்குச் செய்தவர்கள் தப்பினார்கள் என்பதற்குப் பலமான மறுப்பு உண்டு. துருவா ‘தப்பியது’ என்றால் என்ன பொருள்? இரண்டு முறை கைமாறியது. விலை பேசிய மேசை ஸ்டாக்ஹோமிலும் நியூயார்க்கிலும் இருந்தது. கூலிக்குச் செய்கிறவனுக்குப் பெயரும் இல்லை, பெயரின் லாபமும் இல்லை. இந்தத் தோல் வட்டாரத்துக்கு இதை யாரும் வகுப்பெடுக்கத் தேவையில்லை. பென்டாகுளோரோஃபீனால் என்ற பூஞ்சைக்கொல்லிக்கு 1989 இறுதியில் ஜெர்மனி தடை போட்டபோது, தோல் பூசணம் பிடிக்காமலிருக்க அதையே பயன்படுத்திவந்த ராணிப்பேட்டை, வாணியம்பாடி, ஆம்பூர் ஷாப்புகளெல்லாம் ஒரே நேரத்தில் ஆடிப்போயின. விதியை எழுதியவர்கள் பையரின் நாட்டில். 2020-ல் கொரோனாவால் ஆர்டர்கள் நின்றபோது முதலில் வேலை போனது, வீட்டு வாசலில் உட்கார்ந்து ஜோடிக் கணக்கில் அப்பர் (ஷூவின் மேற்பகுதி) தைக்கும் பெண்களுக்கு. மடியில் விறைத்த தோல், தடித்த ஊசி, இழுத்து இழுத்துக் காய்த்த விரல்கள். மாதச் சம்பளமும் கிடையாது, பல இடங்களில் பி.எஃப்., இ.எஸ்.ஐ. கணக்கும் கிடையாது. ஒரே பையரை நம்பிய ஜாப் ஒர்க், ஒரே கேமை நம்பிய ஸ்டுடியோவைவிடப் பாதுகாப்பானது என்று நான் சொல்ல மாட்டேன்.

ஆனால் இந்த மறுப்பு என் வாதத்தைக் கவிழ்க்கவில்லை, கூராக்குகிறது. ஆபத்து சொந்தப் பெயரிலும் இல்லை, கூலியிலும் இல்லை. எல்லாவற்றையும் ஒற்றைத் தூணில் ஏற்றுவதில் இருக்கிறது. இந்தப் பகுதி மேலேறிய விதத்தைப் பார்த்தால் போதும். எழுபதுகளில் கச்சாத் தோலையும் அரைப்பதமான தோலையும் அப்படியே ஏற்றுமதி செய்வதற்கு மத்திய அரசு கட்டுப்பாடு விதிக்க, முதலில் முழுப்பதத் தோல், பிறகு அப்பர், பிறகு முழு ஷூ என்று படிப்படியாகத்தான் போனார்கள். ஒவ்வொரு படிக்கும் முந்தைய படியின் வருமானம் கீழே தாங்கிக்கொண்டிருந்தது. சென்னை அடையாறு மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனத்தில் படித்தவர்கள் கைகொடுத்தார்கள். இது மெதுவான வழி. இப்படியே போனால் உலகப் பெயர் எடுக்கும் ஷூ ஒருநாளும் வராது என்று அலுத்துக்கொள்கிறவர்கள் உண்டு. வராமலும் போகலாம். அதற்காக வேலூர் விஐடியில் கேம் செய்யக் கனவு காணும் பையனிடம், எடுத்த எடுப்பிலேயே வீட்டை அடகு வைத்துச் சொந்தக் கேம் செய் என்று சொல்கிறவர்கள், அடகு வைப்பது தங்கள் வீட்டை இல்லை என்பதால்தான் அவ்வளவு தைரியமாகச் சொல்கிறார்கள்.

டிசம்பர் 3

ஸ்டார்பிரீஸின் மறுசீரமைப்பு 2019 டிசம்பரில் முடிந்தது. ‘சைக்கோநாட்ஸ் 2’ உரிமையை 1.32 கோடி டாலருக்கு விற்றதும் அதற்கு உதவியது. 2025 அக்டோபரில், ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ பெயரை உரிமம் பெற்றுச் செய்துகொண்டிருந்த கேமைப் பாதியிலேயே நிறுத்திவிட்டு, இனி ‘பேடே’ மட்டும்தான் என்று அறிவித்தார்கள். மறுபடியும் ஒற்றைத் தூண்தான். ஆனால் இந்த முறை சம்பாதித்துக் காட்டிய தூண். செலவழித்ததை நஷ்டக் கணக்கில் எழுதினார்கள். நிறுத்தியது சரியான முடிவு என்றே நினைக்கிறேன். அந்தக் கேமில் வேலை செய்தவர்கள் பலருக்கு வேலை போனது. அவர்களிடம் போய் இதைச் சரியான முடிவு என்று சொல்ல எனக்கு வாய் வராது.