வால்வு செய்த வேலை

மோட்டார் வாகனங்களைப் பற்றி எழுத இவருக்கு என்ன தகுதி என்று வாசகர்கள் சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. செய்தி எழுதியே காலத்தைக் கழித்தவன் நான். ஸ்பானர் பிடித்தவன் அல்லன். ஆயினும் 2011ஆம் ஆண்டு என் மருமகனின் காரில் செய்யப்பட்ட ஒரு மாற்றம் எனக்குச் சிலவற்றைக் கற்பித்தது.

மருமகன் என்றது என் அக்காவின் மகனை. 2002இல் தயாரான பீ.எம்.டபிள்யூ. 318ஐ காரொன்றை அவன் வாங்கியிருந்தான். கையால் கியர் மாற்றும் வகை. "மாமா, கியர் மாத்தேக்கை கிளச் பிந்திப் பிடிக்குது. லைனுக்குள்ளை ஒரு வால்வு இருக்கு. அதைக் கழட்டினால் சுணங்காது" என்றான்.

அவன் சொன்னதில் பிழையில்லை. அக்காரில் கிளச் பெடலை அழுத்தும்போது மாஸ்டர் சிலிண்டரில் உள்ள திரவம் குழாய் வழியே தள்ளப்படுகிறது. அது கியர்ப்பெட்டியருகே உள்ள ஸ்லேவ் சிலிண்டரை இயக்க, கிளச் தட்டு எஞ்சினிடமிருந்து விடுபடுகிறது. திரவத்தின் ஓரிடத்தில் கொடுத்த அமுக்கம் எங்கும் சமமாகப் பரவும் என்று 17ஆம் நூற்றாண்டில் பாஸ்கல் கண்ட விதியே இதற்கு அடிப்படை. காலை எடுத்ததும் கிளச்சின் வில் திரவத்தைத் திருப்பித் தள்ளும். அந்த வழியில்தான் சிறு துவாரமுடைய அந்த வால்வு இருக்கிறது. திரவம் அதனூடே மெல்லவே திரும்பும். ஆகவே, ஓட்டுபவர் பெடலைச் சட்டென்று விட்டாலும் கிளச் படிப்படியாகவே பிடிக்கும். கியர்ப்பெட்டிக்கும் அச்சுகளுக்கும் பெரிய அதிர்ச்சி சேராது. விரைவாகக் கியர் மாற்றுபவருக்கோ அது இடைஞ்சல். கால் முழுவதும் எழுந்த பின்னரும் கிளச் சற்று வழுக்கிக்கொண்டிருக்கும்.

ஒரு சனிக்கிழமை எங்கோ ஒரு கராஜில் அவசர அவசரமாக வால்வு கழற்றப்பட்டது. மறுநாள் கண்டியில் உறவினர் வீட்டுத் திருமணம். அக்கா பின்னாலும் நான் முன்னாலும் அமர்ந்திருந்தோம். மாவனல்லையைத் தாண்டிக் கடுகண்ணாவை ஏற்றத்தில் ஏறும்போது, ஒரு வளைவில் அவன் மிதித்த கிளச் பெடல் தரைவரை போய் அங்கேயே நின்றுவிட்டது. எஞ்சின் அணைந்தது. பின்னால் பயணிகள் நிறைந்த பஸ் ஒன்று. கைப்பிரேக்கை இழுத்துவிட்டு அவன் உட்கார்ந்திருக்க, நான் இறங்கிச் சில்லுகளுக்குக் கல் வைத்தேன். அக்கா வாய்க்குள் தேவாரம் முணுமுணுத்துக்கொண்டிருந்தார். பெடலைப் பலமுறை மிதித்து மிதித்து ஒருவாறு அமுக்கம் வந்ததும் ஊர்ந்து கண்டி போய்ச் சேர்ந்தோம்.

கொழும்பு திரும்பியதும் கொட்டாஞ்சேனையில் எனக்குப் பழக்கமான வயதான பாஸ் ஒருவரிடம் காரைக் கொண்டுபோனோம். குழாய்க்குள் காற்று நின்றிருந்தது. திரவம் அமுங்காது, காற்று அமுங்கும். காலின் விசையெல்லாம் அக்குமிழிகளை நசுக்குவதிலேயே போய்விட்டது. வெளியேறிய திரவமும் பிளேன்ரீயின் நிறத்தில் இருந்தது. பிரேக் திரவம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. டொட் 4 வகைத் திரவம் புதிதாக இருக்கையில் குறைந்தது 230 பாகை செல்சியஸ் வரை கொதிக்கக்கூடாது. ஈரம் ஏறியபின் அந்த எல்லை 155 பாகைக்கு இறங்கிவிடுகிறது. அக்காரில் கிளச்சுக்கும் பிரேக்குக்கும் திரவத்தைக் கொடுப்பது ஒரே கலம் என்பதையும் அன்றுதான் அறிந்தேன்.

பழைய திரவத்தை மாற்றி, காற்றை முற்றாக வெளியேற்றிய பின் பாஸ் சொன்னார்: "வால்வைக் கழட்டினது பிழையில்லை ஐயா. அது செய்த வேலையை இனித் தம்பியின்ரை கால்தான் செய்ய வேணும். அதோடை, கியர் லீவரை அடிச்சு மாத்தக்கூடாது. உள்ளுக்கை இருக்கிற சின்க்ரோ வளையத்துக்கு வால்வு இருந்தாலும் ஒண்டுதான், இல்லாட்டிலும் ஒண்டுதான்."

அந்த முதல் வாக்கியங்களைக் கேட்டபோது எனக்குக் கார் நினைவுக்கு வரவில்லை. ஈய எழுத்துக் கோத்த காலத்தில் எங்கள் இரவுப் பணியில் ஒப்புநோக்குநர் ஒருவர் இருந்தார். செய்தி சுணங்குவதற்கு அவரே காரணம் என்று நாங்கள் சலித்துக்கொள்வோம். ஓரிரவு, வீதி விபத்தொன்றின் செய்தியை அவர் பார்வைக்கு அனுப்பாமல் நேரே பக்கத்தில் ஏற்றச் சொன்னவன் நான்தான். பத்து நிமிடங்கள் மிச்சமாயின. ஆஸ்பத்திரியில் உயிரோடிருந்த ஓர் இளைஞனின் பெயர் இறந்தோர் பட்டியலில் அச்சாகிவிட்டது. மறுநாட்காலை அவனுடைய தாய் பத்திரிகையைக் கையில் பிடித்தபடி காரியாலயத்துக்கு வந்தார். அவர் என்னை ஏசவில்லை. "ஏன் தம்பி, ஒருக்கா விசாரிச்சிருக்கலாமே?" என்று மட்டும் கேட்டார். ஒப்புநோக்குநரைத் தாண்டிப் போனவன், அவர் செய்திருக்கக்கூடிய வேலையை நானே செய்திருக்க வேண்டும். செய்யவில்லை.

மருமகன் பின்னர் பெடலை அளந்து விடப் பழகிக்கொண்டான். காலும் கிளச்சும் ஒருமித்து இயங்குவது ஓட்டத்துக்கு இனிது என்கிறான். அதை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஒருமுறை அக்காரை நான் ஓட்டிப் பார்த்தேன். முதற் கியரிலிருந்து இரண்டாவதற்கு மாற்றியபோது கார் குதித்தது. "மாமா, மெல்ல விடுங்கோ" என்றான். மெல்ல விட்டேன்.