தாம்போதியில் அறுந்த கம்பி

தீவுப்பகுதிக்கு மோட்டார் வண்டியிற் செல்வோர் காற்றை அறியார். பண்ணையில் ஏறியதும் கண்ணாடியை உயர்த்திவிட்டு, குறிகட்டுவான் துறையில் இறங்கும்போதுதான் அவர்களுக்குக் கடல் நினைவுக்கு வரும். துவிச்சக்கரவண்டியிற் செல்பவனுக்கோ வழித்துணையும் காற்றே, வழிமறிப்பும் காற்றே. ஆனி மாதத்திலே சோளகம் தென்மேற்கிலிருந்து வீசும். யாழ்ப்பாணக் கோட்டையைத் தாண்டிக் குறிகட்டுவானுக்குச் செல்லும் வீதியும் பெரும்பாலும் மேற்கும் தென்மேற்குமாகவே செல்கின்றது. எதிர்க்காற்றை முகத்தில் வாங்கிக்கொண்டு முப்பது கிலோமீற்றருக்கு மேல் மிதித்து, நயினை அம்பாளைத் தரிசிக்க வேண்டும் என்பது அன்று என் எண்ணம்.

சுவிற்சர்லாந்திலிருந்து விடுமுறையில் வந்த தம்பி விட்டுச்சென்ற வண்டி அது. இரும்பன்று, காபன் நாரைப் பசையோடு இறுக்கிச் செய்த கரிய வண்டி. எட்டுக் கிலோகிராம் தேறாது. ஒரு கையால் தூக்கி விறாந்தையில் வைக்கலாம். பின்சில்லில் 11 பற்சக்கரங்கள். அவற்றின் மீது சங்கிலியை இடம் மாற்றும் கம்பி, வண்டியின் குழாய்களுக்குள்ளே மறைந்து ஓடுகின்றது. "அண்ணா, இதை ஊர்க் கடைகளில் கொடாதே, பழுதானால் கொழும்புக்கு அனுப்பு" என்பது தம்பியின் கட்டளை.

அல்லைப்பிட்டி, மண்கும்பான், வேலணை எல்லாம் இனிதே கழிந்தன. இரு மருங்கும் பனைகள், இடையிடையே வெண்மணல். ஒல்லாந்தர் வேலணைத் தீவுக்கு லெய்டன் என்றும், புங்குடுதீவுக்கு மிடில்பேர்க் என்றும், நயினாதீவுக்கு ஹார்லெம் என்றும் தம் நாட்டு ஊர்ப்பெயர்களைச் சூட்டினர். அவை நம்மவர் நாவில் ஒட்டவில்லை. நெடுந்தீவு மாத்திரம் ஆங்கிலத்திலே டெல்வ்ற் என்று நின்றுவிட்டது.

வேலணையையும் புங்குடுதீவையும் இணைக்கும் வாணர் தாம்போதியில் ஏறினேன். இருபுறமும் ஆழமற்ற கடல். ஒதுங்க ஒரு மரமில்லை. காற்று வலுத்தது. கியரை இலகுவாக்க எண்ணி வலக்கைப் பிடியை அழுத்தினேன். 'டிக்' என்று ஓர் ஓசை. பிடி உயிரற்றுத் தொங்கியது. சங்கிலி ஒவ்வொரு படியாக இறங்கி மிகச்சிறிய பற்சக்கரத்திற் போய் நின்றது. கம்பி அறுந்தால் பின்னாலுள்ள விற்சுருள் சங்கிலியை அங்கேதான் தள்ளும். மிதிப்பதற்கு மிகக் கடினமான இடம் அதுவே. முன் சக்கரத்தைச் சிறிதாக்கிப் பார்த்தேன். அப்போதும் என் தந்தையாரின் பழைய றலி வண்டியைவிடப் பாரமாகவே இருந்தது.

இறங்கிச் சோதித்தேன். பிடிக்குள் ஒரு சிறு உருளையைச் சுற்றி வளையும் இடத்திலேயே கம்பியின் இழைகள் இற்றிருந்தன. இரண்டு வாரமாகக் கியர் சோம்பலாக மாறியதன் காரணம் அப்போதுதான் விளங்கிற்று. பட்டதாரி ஆசிரியனின் மூளை உடனே வேலை செய்தது. அறுந்த கம்பியை எடுத்துச் சென்றால் அதே அளவிற் புதியது வாங்கலாமன்றோ? பின்புறத் திருகாணியைத் தளர்த்தி, முழுக் கம்பியையும் உருவி எடுத்துச் சுருட்டிச் சட்டைப்பையில் இட்டேன்.

புங்குடுதீவுக்குள் பாதி மிதித்தும் பாதி உருட்டியும் சென்றபோது, வேப்பமரத்தடியில் தகரக் கொட்டில் ஒன்றைக் கண்டேன். பழைய ரயர்கள் தொங்கின. எழுபது வயது மதிக்கத்தக்க பெரியவர் ஒருவர் ரியூப்புக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். கம்பியைக் காட்டினேன். அவர் அதைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"மாஸ்ரர், இதை ஏன் உருவினனீங்கள்? அறுந்தாலும் உள்ளுக்குக் கிடந்திருந்தால், அதுக்கு மேலாலை ஒரு மெல்லிய ரியூப்பைச் செருகிப் புது வயருக்கு வழி காட்டியிருக்கலாம். இப்ப உள்ளுக்கு இருட்டெல்லோ!"

என்னிடம் பதில் இல்லை. உள்ளே அகன்ற குழாய். கம்பி வெளிவரும் துவாரமோ எள்ளளவு. குருட்டாம்போக்கில் தள்ளும் கம்பி அதனைச் சேராது. கொழும்புக்குத்தான் அனுப்பவேண்டும் போலும் என்று தயங்கினேன். அவர் நகத்தால் குழாயைத் தட்டிக் கேட்டார், "இரும்பில்லை. அப்ப நல்லது" என்றார்.

நல்லது என்றதன் பொருள் பின்னர் விளங்கிற்று. தகரப் பெட்டியிலிருந்து ஒரு கரிய உருளையை எடுத்தார். பழைய சைக்கிள் டைனமோவின் காந்தம்! 1990களின் தொடக்கத்தில் தீவை விட்டு யாழ்ப்பாணத்துக்கு இடம்பெயர்ந்திருந்த காலத்திலே, மின்சாரமில்லாத வீடுகளில் டைனமோவைச் சுழற்றித்தானே வானொலி கேட்டோம்? நானும் சிறுவனாகப் பெடலைச் சுற்றியவன்தான். அந்நாளில் அவர் ஒரு மரத்தடியிலே நாள் முழுவதும் டைனமோ திருத்தினாராம்.

தையலூசியொன்றை முறித்து, அதன் காதுப்பக்கத்தில் நூல் கோத்தார். முன்துவாரத்தால் அதை உள்ளே விட்டு, வெளியே காந்தத்தை வைத்து மெல்ல நகர்த்தினார். இரும்புக் குழாயாயின் காந்தத்தைத் தானே பிடித்துக்கொள்ளும்; காபனோ இடையில் இல்லாததுபோலவே இருந்தது. ஊசி காந்தத்தின் பின்னே ஊர்ந்து பெடல் அச்சின் அடிக்கு வந்தது. அங்கிருந்த சிறு மூடியைக் கழற்றி, வளைத்த சில்லுக் கம்பியால் நூலைக் கொளுவி இழுத்தார். பின்குழாயிலும் அவ்வாறே. இருமுறை ஊசி நழுவிற்று. "அவசரப்படாதேங்கோ, படகு பின்னேரம் மட்டும் ஓடும்" என்றார்.

பிள்ளைகளின் கியர் சைக்கிள்களுக்கென வைத்திருந்த 1.2 மில்லிமீற்றர்க் கம்பி பொருந்தியது. பிறேக் கம்பியாயின் தடிப்பு மிகுதி, தலையும் பெரிது. பிடியின் றப்பரை உயர்த்தி, உள்ளே சிக்கியிருந்த பழைய தலையை ஊசியால் தள்ளி வீழ்த்தினார். புதுக் கம்பியைப் பிடிவழியே செலுத்தி, அதன் நுனியை நூலோடு பசையிட்டு இணைத்தார். நூல் இழுக்க இழுக்கக் கம்பி பின்புறத்தில் எட்டிப் பார்த்தது. இழுவையைச் சரிசெய்யக் கால்மணி நேரம் சென்றது. 11 பற்சக்கரங்களிலும் சங்கிலி ஏறி இறங்கும்வரை அவர் விடவில்லை. இழை பிரியாதிருக்க நுனியில் ஈயப்பற்றும் வைத்தார்.

வீதியின் எதிரே மூன்று கல்வீடுகள் பூட்டிக் கிடந்தன. யாருடையவை என்றேன். ஒன்று பிரான்சில், ஒன்று கனடாவில் என்றார். மூன்றாவது அவருடைய மகனுடையதாம். கொட்டிலில் வேலை பழகுவார் எவருமில்லை. கம்பியின் விலையோடு நூறு ரூபாய் மாத்திரம் கேட்டார். கூடக் கொடுத்ததைத் திருப்பித் தந்துவிட்டு, என் சட்டைப்பையிலிருந்த பழைய கம்பியை வாங்கி ஆணியில் மாட்டிக்கொண்டார்.

நயினாதீவில் மத்தியானப் பூசை கண்டு, மாலையிற் சோளகம் முதுகில் தள்ள வீடு திரும்பினேன். இரவு தம்பியோடு பேசினேன். "எந்தக் கடையில் கொடுத்தாய்?" என்றான். சொன்னேன். சற்று நேரம் பேச்சில்லை. பின்பு, "முன்கியரின் கம்பிக்கும் அதே வயதுதான், அண்ணா" என்றான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அதையும் மாற்றினேன். இம்முறை மெல்லிய பிளாஸ்ரிக் குழாயொன்றைப் பழைய கம்பியின் மேலாகச் செலுத்தி, அது மறுபுறம் வந்த பின்னரே கம்பியை உருவினேன்.