முப்பது கிடாருக்கு அடியில்

மிக்ஸிங் கற்றுக்கொள்ள என்னிடம் வரும் பையன்களுக்கு நான் முதலில் போட்டுக் காட்டுவது ஒயாசிஸ் என்ற பிரிட்டிஷ் ராக் பேண்டின் ‘பி ஹியர் நவ்’ ஆல்பம். நல்ல மிக்ஸிங்குக்கு உதாரணமாக அல்ல. ‘மை பிக் மவுத்’ பாட்டை ஓடவிட்டு, “பேஸ் என்ன வாசிக்குது, வாயால பாடிக் காட்டு” என்பேன். இதுவரை ஒருத்தனும் முழுசாகப் பாடியதில்லை. அந்த ஒரு பாட்டில் மட்டும் முப்பது கிடார் ட்ராக் வரை அடுக்கியிருப்பதாகச் சொல்வார்கள்.

1995இல் வந்த ‘மார்னிங் குளோரி’ ஆல்பத்தால் பிரிட்டனே அவர்கள் கையில் இருந்தது. அடுத்த ஆண்டு நெப்வொர்த்தில் நடந்த கச்சேரிக்கு இரண்டு இரவும் சேர்த்து 2.5 லட்சம் பேர். 1997 ஆகஸ்ட் 21இல் ‘பி ஹியர் நவ்’ வந்தபோது முதல் நாளிலேயே பிரிட்டனில் 4 லட்சத்துக்கு மேல் விற்றது. விமர்சகர்களும் தூக்கி வைத்துக் கொண்டாடினார்கள். அப்புறம் ஜனங்கள் வீட்டில் இரண்டாம் தடவை, மூன்றாம் தடவை போட்டுக் கேட்டார்கள். கொஞ்ச நாளில் அதே சிடிகள் பழைய சாமான் கடைகளில் குவிந்தன.

கொக்கைன், தலைக்கனம் என்று காரணம் சொல்வார்கள். பேண்டின் கிடார்காரர் நோயல் கேலகரே அதை மறைத்ததில்லை. ஆனால் ஸ்பீக்கர் முன்னால் உட்கார்ந்து பிழைக்கிறவனுக்கு வேறொன்று கேட்கிறது.

ஒரு கிடாரை இடது பக்கமும், அதையே இன்னொரு தரம் வாசித்து வலது பக்கமும் வைத்தால் பாட்டு அகலமாகும். நாலு வைத்தால் கனம் கூடும். அதற்கு மேல் ஒவ்வொன்றும் மற்றதைத் தின்ன ஆரம்பிக்கும். விரல் கம்பியில் படுகிற அந்தக் கணம் பத்துப் பேருக்கு மயிரிழை முன்பின்னாக விழும். அந்த வெட்டு மழுங்கிப்போய் ‘உஸ்ஸ்’ என்று ஓர் இரைச்சல் மிஞ்சும். டிஜிட்டலில் ஒலிக்கு ஒரு கூரை உண்டு, அதைத் தாண்ட முடியாது. புதிதாக ஒருத்தர் உள்ளே வந்தால் இருக்கிற எல்லாரும் குனிய வேண்டும். கிடாரும் பாடுகிறவர் குரலும் ஒரே இடத்துக்கு அடித்துக்கொள்ளும். குரலை ஏற்றுவோம், கிடார் சின்னதாகிவிட்டதே என்று இன்னொன்று சேர்ப்போம். ராத்திரி பதினொரு மணிக்குக் காது செத்துப்போயிருக்கும். செத்த காதுக்கு எதுவும் போதாது.

வேடிக்கை என்னவென்றால், ‘மார்னிங் குளோரி’யில் நோயலோடு உட்கார்ந்த தயாரிப்பாளர் ஓவன் மோரிஸ்தான் இதிலும் உட்கார்ந்தார். சத்தத்தை நெருக்கித் தள்ளும் அவருடைய கைவரிசை அதிலும் இருந்தது. அங்கே தள்ளுவதற்குக் கொஞ்சம் இடம் மிச்சமிருந்தது, அவ்வளவுதான். இதில் ‘ஆல் அரவுண்ட் தி வேர்ல்ட்’ மட்டும் ஒன்பது நிமிஷத்துக்கு மேல் ஓடுகிறது. போதும் என்று சொல்ல அந்த அறையில் யாருக்கும் அவசியம் வரவில்லை. 2016 மறுவெளியீட்டுக்காக நோயல் ஒரே ஒரு பாட்டை, ‘டு யூ நோ வாட் ஐ மீன்?’, புதிதாக மிக்ஸ் செய்தார். மீதியை அப்படியே விட்டுவிட்டார். அது ஏன் என்று எனக்குப் புரிகிறது.

நானும் அப்படிக் கிடார்களை அடுக்கியிருக்கிறேன். ஒரு சின்ன பேண்டின் இரண்டாவது ஆல்பம். முதல் ஆல்பத்தில் ஒரே கிடார், அதிலும் ஒரு கம்பி லேசாக அபஸ்வரம். இரண்டாவதில் காசும் இருந்தது, நேரமும் இருந்தது. ஒரு பாட்டுக்குப் பதினாலு கிடார் வைத்தோம். சேர்க்கச் சேர்க்க எனக்கும் பிடித்துத்தான் இருந்தது. வெளிவந்த பிறகு ஒரு கச்சேரி முடிந்ததும் ஒரு பெண் வந்து சொன்னாள்: “அண்ணா, போன ஆல்பத்துல அவர் எங்க வீட்டு ஹால்ல உக்காந்து வாசிச்ச மாதிரி இருந்துச்சு. இதுல ரோட்டுல ஏதோ ஊர்வலம் போற மாதிரி இருக்கு.”

எனக்குக் கோபம்தான் வந்தது. இரண்டு வருஷம் கழித்து அந்த பேண்டின் கிடார்காரரும் நானும் பழைய ஃபைலைத் திறந்தோம். அவரைச் சுவர் பக்கம் திரும்பி உட்காரச் சொல்லிவிட்டு ஒவ்வொரு ட்ராக்காக மியூட் செய்தேன். ஒன்பது போன பிறகுதான், “இப்ப என்னவோ பண்ணீங்க” என்றார்.

“சரி, நான் முதல்ல வாசிச்சது எது? அதை மட்டும் போடுங்க,” என்றார்.

திரையில் கிடார் 1 முதல் கிடார் 14 வரை வரிசையாக இருந்தது. ஒன்றாம் நம்பரைப் போட்டேன். தலையை ஆட்டி, “இது இல்ல” என்றார். ஆறைப் போட்டேன்.